டீமுக்கு ஒரு மொட்டை

என் ஆதார் அட்டையில் எனக்கு முடி இருக்கிறது. அதுதான் பிரச்சினை. எந்த ஊரில் கபடி டோர்னமெண்ட் நடந்தாலும், ஆட்டம் ஆரம்பிக்கும் முன் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் அட்டையைப் பார்ப்பார், என் தலையைப் பார்ப்பார், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார். "இதி மீரேனா?" என்று தெலுங்கில் கேட்பார். நானேதான் சார் என்பேன். நம்பமாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் அட்டையை நீட்டுவார். அவரும் இதையே செய்வார். இதற்குள் எனக்கு வேர்த்துவிடும், இன்னும் மைதானத்துக்குள் காலே வைத்திருக்கமாட்டேன்.

என் தலை இப்படி ஆனதற்குக் காரணம் டீம்கள்தான். சித்தூர், திருப்பதிப் பக்கம் நான் ஆடிய எந்தக் கபடி டீமும் சீசனை மைதானத்தில் ஆரம்பித்ததில்லை. மலையில்தான் ஆரம்பிக்கும். கேப்டன் முதல் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர் வரை எல்லோரும் வேனில் ஏறி, மலைக்குப் போய், வரிசையாக உட்கார்ந்து முடி இறக்கி, தலை நிறைய சந்தனம் அப்பிக்கொண்டு, தரிசனம் முடித்து லட்டோடு இறங்கினால்தான் அது டீம். ஒரே ஊருக்கு ஆடுகிறவர்களுக்கு இது வருடத்துக்கு ஒரு மொட்டை. நான் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் ஆடுகிறவன். எனக்கு டீமுக்கு ஒரு மொட்டை. சங்கராந்திக்கு ஒரு டீம், கோயில் ஜாத்திரைக்கு ஒரு டீம், கோடையில் ஒரு டீம். காதோரம் கொஞ்சம் கறுப்பு தட்டும்போது அடுத்த போன் வந்துவிடும். பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கே என் முடி சலித்துப்போயிருக்கும்.

என்ன பெரிய ஆட்டக்காரன் என்று இவ்வளவு ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். கபடியில் ஒரு டீம் தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய் ஒன்றும் எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது முறை போகிறவன் ஒரு பாயிண்டாவது எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் அவன் அவுட், எதிரிக்கு ஒரு பாயிண்ட். இதற்கு டூ ஆர் டை என்று பேர். அந்த மூன்றாவது ரைடுக்கு மட்டும் போகிறவன் நான். யாரையும் தொடமாட்டேன். எதிரி பக்கத்தில் உள்ளே தள்ளி ஒரு கோடு இருக்கிறது, போனஸ் கோடு. ஒரு காலை அதற்கு அந்தப் பக்கம் ஊன்றி, மற்ற காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுத் திரும்பி ஓடி வந்தால் ஒரு பாயிண்ட். எனக்குக் கால் நீளம். அவ்வளவுதான் என் திறமை. ஒரே ஒரு நிபந்தனை, எதிரி பக்கம் குறைந்தது ஆறு பேர் நிற்கவேண்டும். ஐந்து பேராகிவிட்டால் போனஸ் கிடையாது, நானும் கிடையாது.

அதனால் ஆட்டம் முழுக்க நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும். கேப்டன் கையை ஆட்டினால் எழுந்து ஓடவேண்டும். முப்பது செகண்டு. திரும்பி வந்து உட்காரவேண்டும். பாயிண்ட் எடுத்தால் கூட்டம் கேப்டன் பேரைச் சொல்லிக் கத்தும். எடுக்காவிட்டால் என்னைத் திட்டும். எனக்குப் பேர் கிடையாது. "ஏய் நெட்டை" என்று திட்டும்.

என் மச்சினன் ஒருமுறை, பத்துப் பேர் முன்னால், "மாமா, ஒரு மேட்ச்சுக்கு எவ்ளோ நேரம் ஆடுவீங்க?" என்று கேட்டான். நான் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை.

எல்லா ஊரிலும் எனக்கு முன்னால் வந்துபோன ஆளின் ஜெர்சிதான் கிடைத்தது. இடுப்புக்கு மேலே நிற்கும். புத்தலப்பட்டில் சிவப்பு, சத்யவேட்டில் பச்சை, எல்லாமே குட்டை. ராமகுப்பத்தில் என்னைப் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகையில் தங்கவைத்தார்கள். மத்தியானம் ஆட்டத்துக்கு முன் கண்ணை மூடலாம் என்று படுத்தால், புழுக்கள் மல்பெரி இலையைத் தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. குப்பத்தில் வேறு கதை. அங்கே பெஞ்சிலிருந்து ஒருத்தர் தமிழில் "போ போ" என்பார், ஒருத்தர் தெலுங்கில் "ஆகு ஆகு" என்று நிறுத்துவார், இன்னொருத்தர் கன்னடத்தில் எதையோ சொல்வார், அது போவதற்கா நிற்பதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே நான் நடுக்கோட்டிலேயே நின்று அவுட் ஆனேன். மறுநாள் காலை டிபன்கூட வாங்கித் தராமல் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

எங்கே போனாலும் ஒரு பழக்கத்தை மட்டும் நான் விட்டதில்லை. நடுக்கோட்டைத் தாண்டும் முன் எதிரிகளின் தலையை எண்ணுவேன். ஆறா, ஏழா, ஐந்தா. கேப்டன் சொல்வதை நம்பமாட்டேன், ஸ்கோர் போர்டை நம்பமாட்டேன். என் கண்ணால் எண்ணினால்தான் காலை எடுத்துவைப்பேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

என் வீடு நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி பவர்லூமில் வேலைக்குப் போகிறாள். கல்யாண போட்டோவில் நான் தலைப்பாகையோடு இருக்கிறேன். எல்லாப் போட்டோவிலும். தாலி கட்டும்போதும், சாப்பிடும்போதும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பலமநேர் டீம் என்னை மலைக்கு அழைத்துப்போயிருந்தது. பெண் வீட்டார் எனக்கு ஏதோ தோல் வியாதி என்று ஒரு வருடம் பேசிக்கொண்டார்கள். அவள் அதை மறக்கவில்லை. அவள் மறக்கிற ஆளும் இல்லை.

போன வருடம் சித்தூரிலிருந்து போன் வந்தது. மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒரு முதலாளி புதிதாக டீம் கட்டியிருந்தார். அவருக்குக் கபடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆபீஸ் அலமாரியில் ஒரு கோப்பை வேண்டும், அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் ஒரே வரிதான் சொன்னார். "கப்பு தே, ஜாப் தீஸ்கோ." கோப்பையைக் கொண்டு வா, வேலையை எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஸ்டோரில் நிரந்தர வேலை. குடியிருக்க ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு வீடு. இனி எந்த ஊருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம், டெய்லரை வரவழைத்து என் அளவு எடுத்தார்கள். என் உயரத்துக்கே தைத்த நீல ஜெர்சி. அதைப் போட்டுக்கொண்டு குனிந்தபோது முதுகு தெரியவில்லை. முப்பத்தைந்து வயதில், முட்டி போகப்போகிற நேரத்தில், எனக்கென்று ஒரு ஜெர்சி. அன்றைக்கு அதைக் கழற்றாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, கழற்றத்தான் மனசு வரவில்லை.

மனைவி அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டோர்னமெண்ட் திருப்பதியில். நாங்கள் செமி ஃபைனல் ஜெயித்த அன்று லூமில் சொல்லிவிட்டாள், அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று. வீட்டில் வளர்த்த கோழிகளைக் கூடையில் போட்டு அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஃபேக்டரி வீட்டில் கோழி வளர்க்க விடமாட்டார்களாம்.

"அவசரப்படாதடி, ஃபைனல் இருக்குது" என்றேன்.

"நீ ஜெயிச்சிக்கினு வருவ மாமா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். என் தம்பி கல்யாணம் வருது. இந்த ஒரு வாட்டியாவது முடியோட வா."

சரி என்றேன். அப்போது எனக்கு இரண்டு விரற்கடை முடி இருந்தது. இந்த டீம் புதியது, மலை வழக்கம் எதுவும் இன்னும் தொற்றவில்லை. முதலாளி படித்தவர், வெளிநாட்டுக்கெல்லாம் கூழ் அனுப்புகிறவர். நம்பிக்கையோடுதான் போனேன்.

ஃபைனல் அன்று விடியற்காலையில் வேன் மைதானத்துக்குப் போகவில்லை. மலைக்கு ஏறுகிற அலிபிரி பக்கம் திரும்பியது. முதலாளி வேண்டிக்கொண்டாராம். அவர் தலையை இல்லை, எங்கள் தலைகளை. அவர் காரில் வந்து, முழுக் கிராப்போடு, கை கூப்பி நின்று, நாங்கள் வரிசையில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேப்டனிடம் கெஞ்சினேன். அவன் இருபத்துநான்கு வயசுப் பையன், நல்லவன்.

"அன்னா, நீங்க ஒருத்தர் மட்டும் முடியோட நின்னு, டீம் தோத்துப்போச்சுனா இன்னா ஆவும்? பழி யார் மேல வரும்? யோசிங்க" என்றான்.

யோசித்தேன். உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் ஊற்றும்போது மனைவி முகம்தான் தெரிந்தது. ஆனால் வேலை கிடைத்துவிட்டால் மொட்டையை மன்னித்துவிடுவாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஜெயித்துவிட்டுப் போனால் எந்தத் தலையோடு போனால் என்ன?

மத்தியானம் மைதானத்துக்குப் போனால், எதிர் டீமும் மொட்டை. அவர்களும் அன்று காலைதான் மலையிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். கோர்ட்டின் இரண்டு பக்கமும் சந்தனம் பூசிய தலைகள். அம்பயர் தலையில் கை வைத்துக்கொண்டார். நம்பரைப் பார்த்து ஊதுகிறேன், மூஞ்சியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர்கள் ஜெர்சி மஞ்சள், நாங்கள் நீலம்.

மைதானம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பக்தர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பாதிப் பேர் மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டை, மொட்டைத் தலை, சந்தனம். கயிறு கட்டியிருந்தார்கள், ஆனால் ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்கக் கயிறு தொங்கி, கூட்டம் பின்கோடு வரைக்கும் வந்துவிட்டது. யாரும் விரட்டவில்லை. சாமி கும்பிட வந்தவர்களை எப்படி விரட்டுவது?

அன்று நான் இரண்டு முறை உள்ளே போனேன், இரண்டு முறையும் போனஸ் எடுத்தேன். முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். கடைசி நிமிஷம் வந்தபோது நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். எங்கள் ஆட்கள் இரண்டு முறை போய்ச் சும்மா திரும்பியிருந்தார்கள். எதிரி பக்கம் அப்போது ஆறு பேர். அவர்கள் ஆள் பாடி வந்தான். எங்கள் ஆட்கள் நான்கு பேர் பாய்ந்து, அவனைக் கால், இடுப்பு, தோள் என்று சேர்த்து அமுக்கிவிட்டார்கள். பாயிண்ட் சமம். மைதானமே எழுந்து நின்றது. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து கேப்டனின் கை மட்டும் வெளியே வந்து என்னைப் பார்த்து ஆடியது. மூன்றாவது ரைடு என்றால் நான். அது பழகிப்போன கை.

கடைசி ரைடு. ஓடினேன். போனஸ் எடுத்தால் கோப்பை, வேலை, வீடு. எடுக்காவிட்டால் எதுவும் இல்லை. வேர்வையோடு சந்தனம் கரைந்து புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. எரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் நடுக்கோட்டில் நின்று தலைகளை எண்ணினேன். இந்த மூலையில் ஒருத்தன். அவன் பக்கத்தில் இரண்டு பேர். நடுவில் ஒருத்தன். அந்தப் பக்கம் ஒருத்தன், மூலையில் குந்திய மாதிரி இன்னொருத்தன். ஆறு.

பாடிக்கொண்டு உள்ளே போனேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான ரைடு நான் போனதில்லை. இடது பக்கம் போக்குக் காட்டினேன், வலது காலை நீட்டி ஊன்றினேன், பெருவிரல் கோட்டைத் தாண்டியது, இடது காலைத் தூக்கினேன். யாரும் என்னைப் பிடிக்க வரவில்லை. ஒருத்தன்கூட அசையவில்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூச்சு விடாமல் திரும்பி வந்து கையை உயர்த்தினேன்.

அம்பயர் எதிர்ப் பக்கம் கையைக் காட்டி விசில் ஊதினார். நான் அவுட். அவர்களுக்குப் பாயிண்ட். ஆட்டம் முடிந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "கோட்டைத் தாண்டினேன் சார், பார்க்கலையா?" என்று கத்தினேன். தாண்டினாய், ஆனால் ஐந்து பேருக்குப் போனஸ் ஏது என்றார். ஆறு பேர் என்றேன். அவர் பொறுமையாக என் தோளைப் பிடித்துத் திருப்பி, விரலை நீட்டி ஒவ்வொருத்தராக எண்ணிக் காட்டினார். ஐந்து. சற்று முன் பிடிபட்டவன் வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சரி, மூலையில் குந்தியிருந்த ஆறாவது ஆள் எங்கே என்று பார்த்தேன். அந்த ஆறாவது ஆள் பின்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டை. மடித்துக் கட்டிய மஞ்சள் வேட்டி. மடியில் லட்டுப் பை.

கேப்டன் என்னிடம் வந்து, "நீங்க எண்ணுவீங்கன்னு நெனச்சேன் அன்னா" என்றான். அழுதுகொண்டே சொன்னான், அதனால் அவனை அடிக்கவும் முடியவில்லை. ஐந்து பேர் என்று தெரிந்திருந்தால் போகவேண்டிய ஆள் அவன்தான். முதலாளி திரும்பி நடந்தார். காரில் ஏறினார், கண்ணாடியை ஏற்றினார், போய்விட்டார். ஃபேக்டரி மேனேஜர் வந்து எல்லோருடைய ஜெர்சியையும் வாங்கி மூட்டை கட்டினார். என்னுடையதை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "இது வேற யாருக்கும் ஆகாது, நீங்களே வச்சுக்கோங்க."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த ஆறாவது ஆள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சேலம் பக்கத்து மனிதர். தலை பளபளவென்று இருந்தது.

"அண்ணா, நான் பக்கத்துல இருந்தே பார்த்தனுங்க. உங்க கட்டைவிரல் கோட்டைத் தாண்டுச்சுங்க. அந்த அம்பயர் ஏமாத்திப்போட்டானுங்க. நீங்க மனசை உட்றாதீங்க" என்றார்.

அந்த ரைடு எவ்வளவு சுத்தமானது என்று அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அதற்குள் அவர் என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஒரு லட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய? இரண்டு மொட்டைத் தலைகள் ஒட்டி நிற்கிற அந்தப் போட்டோ இப்போதும் அவர் போனில் இருக்கும்.

புத்தூர் வழியாக வீடு வந்து சேரும்வரை யாரை யாரைத் திட்டவேண்டுமோ எல்லோரையும் மனசுக்குள் திட்டி முடித்தேன். முதலாளி, கேப்டன், அம்பயர், கயிறு கட்டியவர், சேலத்துக்காரர். கதவைத் திறந்த மனைவி முதலில் என் தலையைத்தான் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், லட்டைக்கூட எடுத்துக் கொடுத்தேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்த ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவள் அடுப்பை அணைத்தாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், மூலையில் இருந்த வெறும் கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வா மாமா. அக்கா வூட்டுக்குப் போயி கோழிய இட்டுக்கினு வரலாம்."

அக்கா வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தலையும் வெறும் கூடையுமே பதில் சொல்லிவிட்டன போலிருக்கிறது. கோழிகளைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் கோழிகளும் எங்கள் கோழிகளும் முற்றத்தில் கலந்து ஓடின. எங்களுடையவை எவை என்று பார்க்க நான் விரலை நீட்டினேன். மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீ எண்ணாத. நான் எண்ணிக்கறேன். நீ கூடைய புடி."

சொல்லிவிட்டு, அன்று முதன்முதலாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு. அப்படியே ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, சத்தமாக எண்ணி, கூடைக்குள் போட்டாள். நான் குனிந்து கூடையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நீல ஜெர்சியைத்தான் போட்டிருந்தேன், முதுகு தெரியவில்லை.